யானை உட்கார வேண்டும்

யானை மறுபடியும் துதிக்கையை நீட்டிக்கொண்டு குப்புற விழுந்தது. தென்றல் அதை நிமிர்த்தி வைத்தாள். ஒரு மூச்சு நேரம் உட்கார்ந்திருந்தது. பிறகு தரையில் எதையோ மோந்து பார்க்கப் போவதுபோல மெல்லச் சாய்ந்து, நெற்றியைச் சிமெண்டில் ஊன்றிக்கொண்டது.

“உன் யானைக்குத் தாகம்டி. தண்ணி காட்டு,” என்றாள் கிருஷ்ணம்மா.

சுற்றியிருந்த பெண்கள் ஊசியை நிறுத்தாமலே சிரித்தார்கள்.

சாம்பியன் ரீப்ஸ் தங்கச் சுரங்கத் தொழிலாளர் லைன் வீடுகளில் லூயிசாவின் வீட்டு முன்னறைதான் கொஞ்சம் அகலம். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிய கையோடு பெண்கள் அங்கே வந்து பாய் விரித்து உட்கார்ந்துவிடுவார்கள். பெங்களூருக் கம்பெனி ஒன்று உல்லன் நூலும் பஞ்சும் அனுப்பும். இவர்கள் கொக்கி ஊசியால் பின்னிப் பொம்மையாக்கித் திருப்பி அனுப்புவார்கள். முன்பு முயல், பிறகு கரடி, இப்போது யானை.

நூலை விரலில் சுற்றிச் சுருக்கு வளையம் போடுவதில் வேலை தொடங்கும். வளையத்துக்குள் கண்ணிகளைப் போட்டு வால்நூலை இழுத்தால் நடு ஓட்டை மூடிக்கொள்ளும். அங்கிருந்து சுற்றிச் சுற்றிப் போக வேண்டும். ஒரு சுற்றை இவர்கள் லெவல் என்பார்கள். அப்பன் பாட்டன் எல்லாம் சுரங்கத்தில் இறங்கிய ஊர். கீழே போகும் எதற்கும் இங்கே லெவல்தான். முதல் லெவல்களில் கண்ணி கூடிக்கொண்டே போகும், யானையின் வயிறு அகலும். நடு லெவல்களில் கூடாமல் குறையாமல் நேராக இறங்கும். கடைசியில் இரண்டிரண்டு கண்ணிகளாகச் சேர்த்துக் குறைத்துக்கொண்டே வந்து, வாய் சுருங்குவதற்குள் பஞ்சை அடைத்து மூட வேண்டும். லெவல் எங்கே தொடங்கியது என்று கண்ணுக்குத் தெரியாது. அதற்காக முதல் கண்ணியில் ஒரு சிவப்பு நூல்துண்டைச் செருகி வைப்பார்கள். பேச்சு மும்முரத்தில் அது நழுவிவிட்டால் யானைக்கு ஒருபக்கத் தொடை வீங்கிவிடும்.

தலை, காது, கால், துதிக்கை எல்லாம் தனித்தனியாகப் பின்னப்பட்டு வரும். அவற்றைச் சேர்த்து யானையாக்குவது தென்றலும் கிருஷ்ணம்மாவும். அதுதான் கஷ்டமான வேலை, கூலியும் கொஞ்சம் கூட. காதை ஒரு கண்ணி முன்னால் வைத்தால் யானை கோபமாகப் பார்க்கும். ஒரு கண்ணி பின்னால் போனால் முயலாகிவிடும். இதெல்லாம் தென்றலுக்குக் கைவந்துவிட்டது. உட்கார வைப்பதுதான் வரவில்லை.

முன்பெல்லாம் கம்பெனி பஞ்சோடு பிளாஸ்டிக் மணிகளும் அனுப்பும். வெள்ளையாக, பொடியாக இருக்கும். பெண்கள் அதை ஜவ்வரிசி என்பார்கள். ஒரு கைப்பிடி ஜவ்வரிசியைத் துணிப்பையில் போட்டு அடிவயிற்றில் வைத்துவிட்டால் எந்த மிருகமும் அசையாமல் உட்காரும். யானை தொடங்கியபோது ஜவ்வரிசி வருவது நின்றுவிட்டது. பார்சல் கனம் ஏறுகிறது, கொரியர் செலவு கட்டவில்லை, பஞ்சை இறுக்கி அடைத்தால் போதும் என்று கம்பெனி சொல்லிவிட்டது. ஆனால் யானை உட்கார்ந்துதான் ஆக வேண்டும். சாயும் யானைகள் திரும்பி வந்தன. வந்தவை பெரும்பாலும் தென்றல் சேர்த்தவை.

“மனோகர் சார் போன் பண்ணார்மா,” என்று லூயிசா சமையல்கட்டிலிருந்து வந்தாள். ஐம்பது தாண்டியவள், கம்பெனிக்கும் இவர்களுக்கும் நடுவில் நிற்பவள். “இந்த லாட்டும் திரும்புச்சின்னா வேற ஆளப் பாத்துக்கோங்கன்றார். நான் இன்னா சொல்றது சொல்லு.”

“ஆன்ட்டி, நானும் எல்லாம் பண்ணிப் பாத்துட்டேன்.”

“பாத்தியோ பாக்கலியோ, யானை குந்தணும். அது குந்தலேன்னா நீ ரயில்ல குந்த வேண்டியதுதான்.”

இரண்டு வருஷம் தென்றல் அந்த ரயிலில் போய் வந்தவள். விடியுமுன் சாம்பியன் ஸ்டேஷனில் ஏறி, பெங்களூரில் கார்மெண்ட்ஸில் காலர் தைத்து, ஊர் அடங்கியபின் திரும்புவாள். போகும்போதும் மகள் யசோதரா தூங்கிக்கொண்டிருப்பாள், வரும்போதும் தூங்கிக்கொண்டிருப்பாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை குழந்தை இவளைத் தாண்டி ஓடிப்போய்ப் பக்கத்து வீட்டுக் கிருஷ்ணம்மாவை அம்மா என்று கட்டிக்கொண்டது. அதற்குப் பிறகுதான் தென்றல் ஊசியைக் கையில் எடுத்தாள். கணவன் பாரி அதே ரயிலில் பிளைவுட் கடைக்குப் போகிறான். ஒருவராவது வீட்டில் இருக்கட்டும் என்று அவனும் சொன்னான். இப்போது யசோவுக்கு மூன்று வயது. நூல் உருண்டைகளுக்கு நடுவில்தான் வளர்கிறாள்.

கிருஷ்ணம்மாவின் யானைகள் மட்டும் எப்படி உட்காருகின்றன என்பது தென்றலின் மண்டையைக் குடைந்தது. பின்னங்கால்களை ஒரு லெவல் முன்னால் தள்ளித் தைத்துப் பார்த்தாள். தலையில் பஞ்சைக் குறைத்தாள். யானை நோயில் விழுந்ததுபோல இருந்தது. அடிப்பாகத்தை உள்ளிழுத்துத் தைத்துத் தட்டையாக்கினாள். விழுவதற்கு இன்னும் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டது, அவ்வளவுதான். புளியங்கொட்டை போட்டாள். குலுக்கினால் கிலுகிலுப்பை மாதிரி சத்தம் கேட்டது. ராகி போட்டாள். வாரம் திரும்புவதற்குள் யானையின் பின்புறத்திலிருந்து ஒரு வண்டு வெளியே வந்து பாயில் நடந்துபோனது.

கிருஷ்ணம்மா வெளியே போயிருந்த நேரம் அவளுடைய யானை ஒன்றைத் தென்றல் கையில் எடுத்தாள். பால் குடித்து முடித்த குழந்தையைத் தூக்கியதுபோல அடியில் கனம். அழுத்தினால் நெருடவில்லை. விரல் போகுமிடமெல்லாம் இடம் கொடுத்தது. காதோடு வைத்துக் குலுக்கினாள். சத்தமில்லை. மோந்து பார்த்தாள். உல்லன் வாசனைதான்.

“எங்கூட்டு யானைய எதுக்குடி மோந்துகினு கீற?”

கிருஷ்ணம்மா வாசலில் நின்றிருந்தாள். தென்றல் யானையை மடியில் வைத்துக்கொண்டே கேட்டாள்.

“யக்கா, உள்ள இன்னா?”

“கொடல்.”

“சொல்லு யக்கா.”

“சொன்னா எனக்கு இன்னா தருவ?”

“ஆயுசுக்கும் காது தெச்சித் தரேன். உனக்குத்தான் காது வரலியே. உன் யானை எல்லாம் பண்ணிக்குட்டியாட்டம் பாக்குது.”

கிருஷ்ணம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்குக் காது வராதது ஊரறிந்த விஷயம். “வா,” என்று ஒரு காலி பால்பவுடர் டப்பாவை எடுத்துக்கொண்டு நடந்தாள். யசோவை இடுப்பில் தூக்கிக்கொண்டு தென்றல் பின்னால் போனாள்.

லைன் முடியும் இடத்தில் சைனைடு மேடு நின்றது. சுரங்கம் ஓடிய காலத்தில் கல்லை மாவாக அரைத்து, சைனைடில் ஊறவைத்துத் தங்கத்தை எடுத்துக்கொண்டு, மிஞ்சியதைக் கொட்டிக் கொட்டி உண்டான மேடு. மழை அறுத்த வரிகளோடு சாம்பலும் சந்தனமும் கலந்த நிறத்தில் மலைபோலக் கிடந்தது. அதன் அடிவாரத்தில் கிருஷ்ணம்மா குந்தி, மேல்பொருக்கைக் கையால் விலக்கிவிட்டு டப்பாவில் மண்ணை அள்ளினாள்.

“இதுவா?” என்றாள் தென்றல்.

“இதேதான். ஆத்து மண்ணு போட்டேன், நெருடுச்சி. செம்மண்ணு போட்டேன், உல்லன்ல கறை ஏறிடுச்சி. இத பாரு.” உள்ளங்கையில் கொஞ்சம் வைத்து ஊதினாள். மாவுபோலப் பறந்தது. “மைதா கணக்கா கீது. கறை இல்ல, வாசனை இல்ல. எல்லாத்துக்கும் மேல, புழு பூச்சி அண்டாது. எறும்புகூட ஏறாது.”

தென்றலும் ஒரு பிடி அள்ளினாள். பிறந்ததிலிருந்து பார்த்த மண்தான். அம்மா இதில்தான் பாத்திரம் தேய்த்தாள். பாரி குளியலறைச் சுவரைப் பூசியது இதில்தான். கையிலிருந்து ஒழுக விட்டாள். தண்ணீர் போலக் கனமாக இறங்கியது. இது எப்படித் தனக்குத் தோன்றாமல் போனது என்று வியப்பாக இருந்தது.

பழைய நைலான் புடவையில் சலித்து, வேட்டித்துணியில் சிறு பை தைத்து, வாயை இரண்டு முறை மடித்துத் தைத்து யானையின் அடியில் வைத்தாள். மேலே பஞ்சு, பிறகு மூடல். பாயில் வைத்தாள். யானை உட்கார்ந்தது. துதிக்கையை ஒரு விரலால் கீழே அழுத்தி விட்டாள். தலையாட்டிவிட்டு நேராக நிமிர்ந்தது. இன்னொரு முறை அழுத்தினாள். யசோவும் அழுத்தினாள். அன்று மத்தியானம் முழுவதும் தாயும் மகளும் அதையே செய்துகொண்டிருந்தார்கள்.

ஒரு மாதத்தில் அறையில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. திரும்பி வரும் யானைகள் நின்றன. பார்சல் கனம் ஏறுவதைப் பற்றிக் கம்பெனியும் கேட்கவில்லை. இப்போது வாங்குகிறவர்களிடமே கொரியர் செலவை வாங்குகிறார்கள் என்று லூயிசா சொன்னாள். கார்மெண்ட்ஸ் சூப்பர்வைசர் போன் செய்து, இடம் காலியாக இருக்கிறது, வருகிறாயா இல்லையா என்று கேட்டபோது, இல்லை என்று தென்றல் சொல்லிவிட்டாள். சொல்லும்போது கால்களை நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

மழைக்கு முன்னால் கம்பெனியிலிருந்து மனோகர் நேரில் வந்தான். முப்பது வயதுக்குள் இருக்கும். பெங்களூரில் பிறந்து வளர்ந்தவன். வாங்குகிறவர்கள் பார்க்க வீடியோ எடுக்க வேண்டுமாம். பெண்களை ஜன்னல் பக்கம் உட்கார வைத்தான். பவுடர் போட்டுக்கொண்டு வந்திருந்த கிருஷ்ணம்மாவை நடுவில் வைத்தான். யானையை மேஜையில் வைத்துத் தட்டிப் பார்த்தான்.

“மத்த ஊர்ல செய்யறது எல்லாம் விழுதுங்க. உங்களது மட்டும் எப்டி இப்டி குந்துது?”

கிருஷ்ணம்மா கேமராவைப் பார்த்து வெட்கப்பட்டு வாயை மூடிக்கொண்டாள். தென்றல்தான் சொன்னாள். மண்ணைச் சலிப்பது, பையைத் தைப்பது என்று ஒவ்வொன்றாகச் செய்து காட்டினாள். ராகியிலிருந்து வண்டு வந்த கதையையும் சொன்னாள். மனோகர் சிரித்துச் சிரித்துப் படம் பிடித்தான்.

“இது தங்கச் சுரங்கத்து மண்ணா?”

“ஆமா சார். தங்கம் எடுத்தது போக மிச்சம்.”

“அட, இத மொதல்லயே சொல்ல வேண்டாமா நீங்க?”

அந்த வாரமே லூயிசாவின் போனில் அது வந்தது. தங்கச் சுரங்கத்து மண்மேல் அமர்ந்த யானை என்று பேர் போட்டிருந்தார்கள். பின்னால் வீணை இசை. தென்றலின் விரல்கள் பெரிதாகத் தெரிந்தன. யானைக்குக் கிராக்கி கூடியது. லூயிசா ராபர்ட்சன்பேட்டைக்குப் போய் இன்னும் நான்கு ஊசி வாங்கிவந்தாள். பக்கத்து லைனிலிருந்தும் பெண்கள் கேட்டு வந்தார்கள்.

நின்றது ஒரு கேள்வியில். எங்கோ ஒரு தாய் வீடியோவுக்குக் கீழே கேட்டிருந்தாள்: என் பாப்பா இதை வாயில் வைக்கிறாள், இது என்ன மண். வேறு யாரோ அதற்குப் பதில் எழுதியிருந்தார்கள். பதில் நீளமாக இருந்தது. கம்பெனி ஒரு யானையை லேபுக்கு அனுப்பியது.

மனோகர் அடுத்த முறை வந்தபோது வண்டியில் யானைகள் நிறைந்திருந்தன. விற்காதவையும், விற்றுத் திரும்பி வந்தவையும். முகத்தில் மாஸ்க், கையில் நீல நிற ரப்பர் கையுறை. முற்றத்தில் தார்ப்பாய் விரிக்கச் சொன்னான்.

“அடிய வெட்டி மண்ணுப் பைய மட்டும் எடுங்க. தோல், பஞ்சு எல்லாம் கம்பெனிக்குப் போவணும், அங்க எரிப்பாங்க. மண்ண எங்க குடோன்ல வெக்கக்கூடாதுன்னுட்டாங்க.”

பெண்கள் கத்தரிக்கோலை எடுத்தார்கள். கண்ணியை வெட்டினால் லெவல் லெவலாகப் பிரிந்து வந்தது. யானைகளின் அடிப்புற வாய் திறந்து, உள்ளேயிருந்த வேட்டித்துணிப் பைகள் ஒவ்வொன்றாகத் தார்ப்பாயில் விழுந்தன.

“மண்ணு பைக்குள்ள, பை யானைக்குள்ள,” என்றாள் தென்றல். “அப்பகூடவா சார்?”

“அப்பகூடத்தான். நைஸ் மண்ணு பாருங்க, துணி வழியா கசியும். ஆர்சனிக்கு, அது இதுன்னு என்னென்னவோ கீதாம். குழந்தைங்க பக்கத்துலயே இருக்கக்கூடாதாம்.”

“எங்கூட்டு செவுரே அந்த மண்ணுதான் சார்,” என்றாள் கிருஷ்ணம்மா. “இந்தச் செவுரும் அதேதான்.”

சுவரில் சாய்ந்திருந்த மனோகர் இரண்டடி தள்ளி நின்றான்.

தென்றல் கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். அவளுக்கு நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. “அப்ப இங்க கீற பசங்களுக்கு இன்னா ஆவும் சார்? லேப்ல அத சொன்னாங்களா?”

மனோகர் மாஸ்க்கைச் சரிசெய்தான். “அது தெரியலீங்க. கம்பெனி யானைய மட்டுந்தான் டெஸ்ட் பண்ணாங்க.”

“நீங்களே ஜவ்வரிசி அனுப்பியிருந்தா நாங்க ஏன் சார் மண்ணுக்குப் போறோம்,” என்று லூயிசா கேட்டாள். அவன் அதற்கு, மேலே பேசிப் பார்க்கிறேன் ஆன்ட்டி என்றான். இந்த யானைகளுக்குக் கூலி கிடையாது, இனி இந்த ஊருக்கு நூலும் வராது என்பதை வண்டியில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் சொன்னான்.

“மண்ண இன்னா பண்றது?” என்று கிருஷ்ணம்மா கேட்டாள்.

“எடுத்த எடத்துலயே போட்டுடுங்க. வெறுங்கையால தொடாதீங்க. இந்தாங்க.” கையுறைகளைக் கழற்றி ஜன்னல் வழியாக நீட்டினான். ஒரு ஜோடிதான் இருந்தது.

ஆளுக்கொன்றாக மாட்டிக்கொண்டு, மண்பைகளைப் போட்ட சாக்கின் இரண்டு காதுகளையும் பிடித்துத் தென்றலும் கிருஷ்ணம்மாவும் மேட்டுக்குப் போனார்கள். சாக்கு சின்னதுதான், ஆனால் இரண்டு இடத்தில் இறக்கி வைத்து மூச்சுவாங்க வேண்டியிருந்தது. யசோ தென்றலின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். மேட்டின் சரிவில் பிள்ளைகள் அட்டைப்பெட்டியைப் பிரித்து மேலே உட்கார்ந்து சறுக்கிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் இறங்கும் தடமெல்லாம் புகைபோலத் தூசி எழுந்தது.

பைகளைப் பிரித்துக் கொட்டினார்கள். கொட்டியது எது, முன்பே இருந்தது எது என்று ஒரு நிமிஷத்தில் தெரியாமல் போனது. வேட்டித்துணிகள் மட்டும் மிஞ்சின.

“கார்மெண்ட்ஸ்க்குப் போன் போட்டேன் யக்கா,” என்றாள் தென்றல். “பழைய எடம் போயிடுச்சாம். பட்டன் செக்ஷன்ல வான்றான். திங்கக்கெழமலேந்து ரயிலு.”

“போய் வா. யசோவ நான் பாத்துக்கறேன்.”

“உனக்கும் வேல இல்லியே யக்கா. நீயும் எங்கனா போவ.”

“ரெண்டு வீட்ல பாத்திரம் தேய்க்கக் கேட்டு வெச்சிகீறேன். காத்தால போனா பத்துக்கு வந்துடுவேன். அதுவரைக்கும் இந்தப் பசங்களோட இங்கதான ஆடிகினு இருக்கப் போவுது. எங்க போயிடும்?”

தென்றல் மேட்டை அண்ணாந்து பார்த்தாள். கையுறையைக் கழற்றித் துணிகளின்மேல் போட்டாள். கிருஷ்ணம்மாவும் போட்டாள். உள்ளே கை வியர்த்துச் சுருங்கியிருந்தது. இருவரும் வேட்டித்துணிகளை உதறி மடிக்கத் தொடங்கினார்கள். கரித்துணிக்கு ஆகும்.

யசோ ஒரு கையுறையை எடுத்துக்கொண்டுபோய்ச் சரிவில் உட்கார்ந்தாள். அதன் வாயை விரித்துப் பிடித்து, இன்னொரு கையால் மண்ணை அள்ளி உள்ளே போட்டாள். விரல்கள் ஒவ்வொன்றாக நிறைந்து பருத்தன. சறுக்கிக்கொண்டு வந்த ஒரு சிறுமி நின்று, வாயை முடிச்சுப்போட உதவி செய்தாள். யசோ முடிச்சை இன்னொரு முறை பல்லால் இழுத்து இறுக்கினாள். பிறகு அந்த நீலக் கையை மேட்டின்மேல் நிமிர்த்தி வைத்துக் கையெடுத்தாள்.

“அம்மா,” என்று கூப்பிட்டாள். “பாரு, குந்துது.”